தொண்ணூற்றெட்டு சதவீதம் சந்தோஷம்

வெற்றிவேல் நடத்திய பாடத்துக்குத் தமிழில் என்ன பேர் என்று அந்தக் கல்லூரியில் ஒருத்தருக்கும் தெரியாது. கால அட்டவணையில் ஏ.பி.எம். என்று மூன்று எழுத்தைப் போட்டுவிட்டுத் துறைத்தலைவர் கை கழுவிக்கொண்டார். ஏஜென்ட்டுகளை வைத்து மாடல் செய்கிற பாடம் சார் என்று விளக்கப் போனவனிடம், "இன்சூரன்ஸ் ஏஜென்ட்டா, வீட்டு புரோக்கரா?" என்று கேட்டுவிட்டு அவரே சிரித்தும் வைத்தார். அந்த இரண்டாவது வார்த்தை எவ்வளவு பொருத்தமாகப் போகிறது என்று அன்றைக்கு அவருக்கும் தெரியாது, இவனுக்கும் தெரியாது.

பாடம் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஒரு சந்தை, ஒரு கூட்டம், ஒரு ஊர் எப்படி இப்படி ஆனது என்று தெரியவேண்டுமானால் மேலேயிருந்து பார்க்காதே. உள்ளே இருக்கிற ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு சின்ன விதியைக் கொடு. கம்ப்யூட்டரில் ஓடவிடு. அவரவர் தன் பாட்டுக்கு நடக்க நடக்க, யாருமே திட்டம் போடாத ஒன்று தானாகத் திரண்டு வரும். அதைப் பார். கடற்கரைப் பக்கம் ஒரு பழைய பங்களாவில், பிரான்சிலிருந்து வந்த ஒரு பேராசிரியை பத்து நாள் பயிற்சி நடத்தியபோது வெற்றிவேல் இதைக் கற்றுக்கொண்டான். கற்றுக்கொண்டான் என்பதைவிடப் பித்துப் பிடித்துப்போனான் என்பதே சரி. திரையில் புள்ளிகள் ஓடி முடிந்து உருவம் திரண்டதும் அந்த அம்மாள் இரண்டு கையையும் விரித்து 'வுவாலா' என்பார், இதோ பார் என்கிற மாதிரி. இவனும் வகுப்பில் அதே மாதிரி கையை விரித்தான். பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? ஒரே வாரத்தில் அவன் வுவாலா சார் ஆகிவிட்டான்.

இரண்டாயிரத்து ஆறு ஜூலையில், எம்.எஸ்ஸி. இரண்டாம் வருஷத்துப் பிள்ளைகளை லேபை விட்டு வெளியே ஷட்டில் கோர்ட்டுக்கு ஓட்டிக்கொண்டு போனான். தரையில் சாக்பீஸால் கட்டம் போட்டான். பாதிப் பேருக்குச் சிவப்புத் தாள், மீதிப் பேருக்கு மஞ்சள் தாள், சட்டையில் குத்திக்கொள்ள வேண்டும். இஷ்டப்பட்ட கட்டத்தில் நிற்கலாம். விதி ஒன்றே ஒன்று. உன்னைச் சுற்றி நிற்கிறவர்களில் மூன்றில் ஒரு பங்கு பேராவது உன் நிறமாக இருந்தால் நீ சந்தோஷம், அப்படியே நில். இல்லையென்றால் காலியாக இருக்கிற ஏதோ ஒரு கட்டத்துக்கு மாறிக்கொள்.

சிரிப்பும் கூச்சலுமாக மாறினார்கள். இவள் நகர்ந்ததால் அவனுக்கு ஆள் குறைந்தது. அவன் நகர்ந்ததால் இன்னொருத்தி தனியானாள். மணி அடிப்பதற்குள் கோர்ட்டில் சிவப்பெல்லாம் ஒரு பக்கம், மஞ்சளெல்லாம் ஒரு பக்கம். நடுவில் யாரோ கயிறு கட்டிப் பிரித்த மாதிரி காலிக் கட்டங்கள்.

"இப்ப சொல்லுங்க. இங்க யாராவது எதிர் நிறத்துக்காரங்களை வெறுத்தீங்களா? யார் கெட்டவங்க? கை தூக்குங்க" என்றான் வெற்றிவேல்.

ஒரு கையும் எழவில்லை.

"யார் மேலயும் தப்பில்ல. எல்லாரும் நல்லவங்க. ஆனா முடிவு இது. அதுதான் இதுல அழகு. வுவாலா!"

கைதட்டினார்கள். அழகு என்ற வார்த்தையை அவன் அங்கே போட்டிருக்கக்கூடாது. ஆனால் கைதட்டல் கேட்கிற வாத்தியாருக்கு வாய் கொஞ்சம் நீளம்தான். முன்வரிசையில் நின்ற தேவிப்பிரியா என்கிற பெண் அந்த வாக்கியத்தை அப்படியே உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள். வகுப்பிலேயே கெட்டிக்காரி அவள்தான். ப்ராஜெக்ட்டுக்கு இதையே எடுக்கிறேன், எங்கள் மூலக்குளம் தெருவையே மாடல் செய்கிறேன் என்று வந்து நின்றாள். வெற்றிவேலுக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு வாத்தியாருக்கு வருஷத்துக்கு ஒரு தேவிப்பிரியா கிடைத்தால் போதும், மீதிப் பிழைப்பை எப்படியாவது ஓட்டிவிடலாம்.

மீதிப் பிழைப்புதான் ஓடவில்லை. அரியாங்குப்பத்தில் பஸ்ஸை விட்டு இறங்கிக் கிழக்கே கடலைப் பார்க்க நடந்தால் வருகிற மீனவக் குப்பம் அவனுடையது. சுனாமியில் வீடு போனது. அம்மா செல்வாம்பாள், மனைவி ரஞ்சிதம், மூன்று வயசுப் பாப்பா, இவன், நாலு பேரும் அரசாங்கம் தற்காலிகமாகப் போட்ட தார் அட்டைக் கொட்டகைக்குப் போனார்கள். மூன்று மாசத்துக்கு என்று சொல்லிப் போனவர்கள் இரண்டு வருஷமாக அங்கேயே கிடந்தார்கள். பகலில் அந்த அட்டை காயும் காய்ச்சலில் பாப்பாவுக்கு உடம்பெல்லாம் கொப்புளம். ரஞ்சிதம் ஈரத்துணியால் ஒற்றி ஒற்றி, ஒரு நாள் அந்தத் துணியை அவன் முகத்தில் எறிந்தாள். "கம்ப்யூட்டர்ல ஊரு கட்டுறீங்களே, எங்களுக்கு ஒரு ரூமு பாருங்க" என்றாள்.

அவனும் பார்க்காமல் இல்லை. டவுனில் சாரம் என்கிற பகுதியில் ஒரு வீடு எல்லாம் பேசி முடிந்து, குப்பத்தின் பேரைச் சொன்னதும், வீட்டுக்காரம்மாளின் தம்பி திடீரென்று துபாயிலிருந்து திரும்பி வரப்போகிறவன் ஆனான். இன்னொரு வீட்டில் மாடி ஒழுகத் தொடங்கியது, அதுவும் வெயில் காலத்தில். இங்கே வீடு கேட்டுப் போனால் முதல் கேள்வி வாடகை இல்லை. சொந்த ஊர் எது என்பதுதான். அதற்குச் சொல்கிற பதிலில் மற்ற எல்லாம் அடங்கிவிடும். நாலு இடத்தில் சூடுபட்டபின் வெற்றிவேல் பஸ் நிற்கிற ஊரின் பேரோடு நிறுத்திக்கொள்ளப் பழகினான்.

தை பிறக்கப்போகிற சமயத்தில் தேவிப்பிரியா வந்து, "சார், எங்க மாடி போர்ஷன் காலியா இருக்கு. அப்பாகிட்ட உங்களைப் பத்திச் சொன்னேன். உங்களுக்குன்னா உடனே தர்றேன்னாரு" என்றாள்.

அவளுடைய அப்பா சுப்ரமணி வில்லியனூர்ப் பக்கத்துக் கிராமத்தில் கொஞ்சம் நிலம் வைத்துக்கொண்டு, டவுனில் அரசாங்க வேலையும் பார்க்கிறவர். மனுஷன் தங்கம். வெற்றிவேலைப் பார்த்ததும் எழுந்து நின்று கும்பிட்டார். தன் பெண்ணுக்குப் படிப்பு சொல்லிக் கொடுக்கிறவர் தன் மாடியில் குடியிருப்பது தனக்குத்தான் பெருமை என்றார். அட்வான்ஸைப் பற்றிப் பேசவே விடவில்லை.

"சொந்த ஊரு எது சார்?"

"அரியாங்குப்பம்."

"அட, நம்ம ஜனங்க அங்க நிறைய ஆச்சே! நிலம் நீச்சு ஏதாவது?"

"இல்லீங்க. இருந்ததும் தண்ணியில போயிடுச்சு."

சுப்ரமணி நாக்கைத் தட்டி இரக்கப்பட்டார். எந்தத் தண்ணி என்று அவர் கேட்கவில்லை. இவனும் பொய் சொல்லவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, சாவியை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். மாடியில் மூன்று ஜன்னல், காற்று பிய்த்துக்கொண்டு போனது. பாப்பாவை நினைத்துக்கொண்டு அந்தக் காற்றில் கொஞ்ச நேரம் சும்மா நின்றான்.

அன்று சாயங்காலம் அம்மாவிடம் சொன்னபோது அவள் அன்னக்கூடையைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். அலுமினிய அன்னக்கூடையில் மீனை எடுத்துக்கொண்டு போய்த் தெருத்தெருவாக விற்கிறவள் செல்வாம்பாள். இவனைப் படிக்க வைத்தது அந்தக் கூடைதான்.

"மூலக்குளத்துல எந்தத் தெரு?"

சொன்னான்.

"பச்சை கேட்டு வீடா? வாசல்ல செம்பருத்தி?"

"ஆமா. உனக்கு எப்பிடித் தெரியும்?"

"அந்தப் பக்கம் போயிருக்கேன்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "பால் காய்ச்ச நீயும் ரஞ்சிதமும் போங்க. நான் வரல. எனக்கு யாவாரம் கெடும்" என்றாள்.

பெற்ற தாய் இல்லாமல் புது வீட்டில் பால் காய்ச்சுவதா? வெற்றிவேல் ஒற்றைக் காலில் நின்றான். நீதான் அடுப்பு பற்ற வைக்கணும், நீ வராவிட்டால் அந்த வீடே வேண்டாம் என்றெல்லாம் பேசினான். இருபது வருஷம் அந்தக் கூடையில் சாப்பிட்டவன், அது எந்தெந்தத் தெருவுக்குப் போகிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. அப்போதாவது கேட்டிருக்கலாம். ஒரு கேள்வி கேட்டிருந்தால் அவள் சொல்லியிருப்பாள். பாசத்தைக் கொட்டுகிற அவசரத்தில் அது தோன்றவில்லை. கடைசியில் செல்வாம்பாள் பெட்டியிலிருந்து பட்டுப்புடவையை எடுத்தாள்.

தை மாசத்து வளர்பிறையில் ஒரு நல்ல நாள். அன்று பால் மட்டும் காய்ச்சிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை சாமான் ஏற்றி வருவதாக ஏற்பாடு. பால் நன்றாகப் பொங்கி, கிழக்குப் பக்கமாக வழிந்தது. ரஞ்சிதத்தின் முகத்தில் இரண்டு வருஷமாகக் காணாத சிரிப்பு. பாப்பா ஒவ்வொரு ஜன்னலாக ஓடி எட்டிப் பார்த்தாள். சுப்ரமணியும் அவர் மனைவி சுலோசனாவும் தேவிப்பிரியாவும் மேலே வந்தார்கள். எதிர்வீட்டுக் கலியபெருமாளும் வந்தார். ரஞ்சிதம் எல்லோருக்கும் டம்ளரில் பால் கொடுத்தாள்.

சுலோசனா டம்ளரை வாங்கிக்கொண்டு, அடுப்படியிலிருந்து வந்த செல்வாம்பாளைப் பார்த்தாள். பட்டும் பூவுமாக இருந்ததில் முதலில் பிடிபடவில்லை. பிறகு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. அது வேஷம் இல்லை, நிஜமான சந்தோஷம்தான்.

"ஏ மீன்காரம்மா! நீ எங்க இங்க? ஆளே அடையாளம் தெரியல! சார் வீட்டுக்கும் மீனு குடுக்குறியா?"

செல்வாம்பாள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். "என் புள்ளம்மா" என்றாள்.

மாடியில் காற்று அடித்துக்கொண்டிருந்தது.

"அப்பிடியா! சொல்லவே இல்லியே" என்று சுலோசனா சிரித்தாள். சுப்ரமணி சிரித்தார். கலியபெருமாளும் சிரித்தார். ரொம்ப சந்தோஷம், ரொம்ப சந்தோஷம் என்று எல்லோரும் சொன்னார்கள். "நான் இன்னிக்கு விரதம், மறந்தே போயிட்டேன்" என்று சுலோசனா டம்ளரை ஜன்னல் விளிம்பில் வைத்தாள். அவருக்குச் சர்க்கரை ஆகாது என்று சுப்ரமணியின் டம்ளரையும் வாங்கிப் பக்கத்தில் வைத்தாள். அவர்கள் இறங்கிப் போனபின் இரண்டு டம்ளரிலும் பால் ஆடை கட்டி நின்றது. செல்வாம்பாள் அவற்றை எடுத்து அடுப்படித் தொட்டியில் ஊற்றிவிட்டு டம்ளர்களைக் கழுவினாள். முந்தின நாள்தான் சுலோசனா அவளிடம் பேரம் பேசி வஞ்சிரம் வாங்கியிருந்தாள்.

வெள்ளிக்கிழமை சுப்ரமணி கல்லூரிக்கே வந்துவிட்டார். வேப்பமரத்தடியில் வெற்றிவேலின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

"சார், தப்பா எடுத்துக்கக் கூடாது. எனக்கு ஒண்ணுமில்ல. வீட்டுல அவளுக்கும் ஒண்ணுமில்ல. மீன்காரம்மா எங்களுக்கு அவ்வளவு வேண்டியவங்க. கலியபெருமாள் இருக்காரு பாருங்க, அவருக்குத்தான் சங்கடம். அவங்க பொண்ணுக்கு மாப்பிள்ள வீட்டுக்காரங்க வந்து போறாங்க. தெருவைப் பத்தி நாலு பேரு விசாரிப்பாங்க இல்லியா? இந்த ஒரு வருஷம் போவட்டும் சார்."

வெற்றிவேல் அன்று சாயங்காலமே போய்க் கலியபெருமாள் வீட்டுக் கதவைத் தட்டினான். கோபத்தோடுதான் போனான். ஒருத்தனையாவது நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டுவிட வேண்டும் என்று வழியெல்லாம் வார்த்தை சேர்த்துக்கொண்டு போனான். கலியபெருமாள் அவனை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து ஃபேனைப் போட்டார்.

"நானா? ஐயோ, எனக்கென்ன சார்? நான் சுப்ரமணிகிட்ட ஒரு வார்த்தை தப்பா சொல்லல. அவருக்குச் சங்கடமா இருக்குமேன்னு நானே போயி, ஒண்ணும் நினைச்சுக்காதீங்கன்னு ஆறுதலாத்தான் சொன்னேன். மாப்பிள்ள வீட்டுக்காரங்களும் ரொம்பப் பெருந்தன்மையானவங்க. அவங்க ஒண்ணும் கேக்கப்போறதில்ல. அவங்க ஜனம் ஏதாவது நினைச்சுக்குமோன்னு அவங்களுக்கு ஒரு இது, அவ்வளவுதான்."

சேர்த்துக்கொண்டு போன வார்த்தைகளை யார்மேல் போடுவது என்று தெரியாமல் வெற்றிவேல் அந்த ஃபேன் காற்றில் உட்கார்ந்திருந்தான். ஒருத்தர் இன்னொருத்தரைக் காட்டினார். அவர் அடுத்தவரைக் காட்டினார். கடைசி ஆளைத் தேடிப் போனால் அது திரும்ப முதல் ஆளிடமே வந்து நிற்கும். கெட்டவன் ஒருத்தன் இருந்தால் எவ்வளவு நிம்மதி! எழுந்து எதிர்ச்சாரிக்குப் போய், பச்சை கேட்டைத் திறந்து, சுலோசனாவின் கையில் சாவியைக் கொடுத்தான். "காபி சாப்பிட்டுட்டுப் போங்க சார்" என்றாள் அவள்.

ரஞ்சிதம் கட்டி வைத்திருந்த மூட்டைகளை மறுபடி பிரித்தாள். செல்வாம்பாள் மட்டும், "நான்தான் வர மாட்டேன்னு சொன்னேனேடா" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள்.

திங்கட்கிழமை மத்தியானம் வெற்றிவேல் காலி லேபில் உட்கார்ந்து, தான் கற்றுக்கொடுத்த மாடலைத் திறந்து வைத்துக்கொண்டு வெறித்துப் பார்த்தான். ஆறு மாசமாக நடத்துகிற பாடம். அதில் ஒரு ஓட்டை இருப்பது அப்போதுதான் கண்ணில் பட்டது. அந்த மாடலில் காலிக் கட்டம் யாரையும் வேண்டாம் என்று சொல்வதில்லை. சந்தோஷமில்லாத புள்ளி எங்கே காலி இருக்கிறதோ அங்கே போய்க் குதிக்கலாம். யாரும் அதனிடம் சொந்த ஊர் கேட்பதில்லை. எந்த ஊரில் அப்படிக் காலி வீடு இருக்கிறது? பிரான்சிலா? குப்பத்தில் பிறந்த தனக்கே இது தோன்றவில்லையே என்று அவனுக்கு அவமானமாக இருந்தது. கைதட்டலுக்காகத் தான் வளர்ந்த ஊரையே மறந்துவிட்டோம் என்று தோன்றியது.

ஒரு விதியைச் சேர்த்தான். காலிக் கட்டத்துக்குள் நுழையுமுன் அக்கம்பக்கத்துக் கட்டங்களைக் கேட்க வேண்டும். அவர்களில் ஒருத்தருக்குச் சங்கடம் என்றாலும் கதவு திறக்காது. ஓடவிட்டான். மஞ்சள் புள்ளிகள் கொஞ்ச நேரம் அலைந்துவிட்டு, திரையின் ஓரத்தில் போய் ஒண்டிக்கொண்டன. திரை நடுவே கட்டங்கள் நிறையக் காலியாகவே கிடந்தன.

தேவிப்பிரியாவைக் கூப்பிட்டுக் காட்டினான். "உன் ப்ராஜெக்ட்ல இந்த விதியைச் சேரு. இதுதான் உங்க தெரு" என்றான்.

அவள் நிரலைப் படித்தாள். படிக்கப் படிக்க முகம் சிவந்தது. கெட்டிக்காரி, அவளுக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

"சார், இது எங்கப்பாவைச் சொல்ற மாதிரி இருக்கு."

"உங்கப்பாவை மட்டும் இல்ல."

"அப்பா ரெண்டு நாளா சரியாவே சாப்பிடல சார். சாருக்குப் பாவம் பண்ணிட்டேன், பாவம் பண்ணிட்டேன்னு அழுதாரு. நான்தான் என் ப்ராஜெக்ட்டைப் போட்டுக் காட்டினேன். பாருப்பா, யார் மேலயும் தப்பில்ல, எல்லாரும் நல்லவங்கதான், ஆனா மொத்தத்துல இப்பிடித்தான் ஆவும், சாரே சொல்லிக்கொடுத்திருக்காருன்னு சொன்னேன். அப்புறம்தான் சார் சாப்பிட்டாரு." அவள் கண்ணில் நீர் நின்றது. "நீங்க சொன்னது நிஜம்தான சார்?"

வாத்தியார் என்ன சொல்வார்? அவன் சொன்னதுதான். அவன் கை விரித்துச் சொன்னது, அவள் உள்ளங்கையில் எழுதி வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனது. தன்னை அந்த மாடியிலிருந்து இறக்கிவிட்டவருக்குச் சோறு இறங்க, தான் நடத்திய பாடமே மருந்தாகப் போயிருக்கிறது. "நிஜம்தான்" என்றான். அவள் அந்த விதியைச் சேர்க்கவில்லை. அவனும் வற்புறுத்தவில்லை. வற்புறுத்தினால், தன் வீட்டு விஷயத்துக்கு ஒரு பெண்பிள்ளையின் மார்க்கைப் பிடித்து முறுக்குகிறான் என்று பேர் வரும்.

ஏப்ரலில் வைவா. வெளியிலிருந்து அரிகிருஷ்ணன் என்று ஒரு பேராசிரியர் தேர்வாளராக வந்திருந்தார். தேவிப்பிரியா பிரமாதமாகப் பேசினாள். மூலக்குளம் தெருவைக் கட்டம் கட்டமாகப் போட்டிருந்தாள், செம்பருத்திச் செடிகூட இருந்தது. நிறையச் சிவப்பு, கொஞ்சம் மஞ்சள். பட்டனை அழுத்தினாள். புள்ளிகள் ஓடின, மாறின, அடங்கின. மூலையில் ஒரு பெட்டியில், சந்தோஷம் தொண்ணூற்றெட்டு சதவீதம் என்று எண் வந்து நின்றது.

"வுவாலா" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"வெரி குட். இதுல யார் மேல தப்புன்னு சொல்லுவீங்க?" என்று கேட்டார் அரிகிருஷ்ணன்.

"யார் மேலயும் இல்ல சார். அதுதான் இதுல அழகு."

அவர் வெற்றிவேலைப் பார்த்துத் தலையாட்டினார், நல்லாத் தயார் பண்ணியிருக்கீங்க என்கிற மாதிரி.

வெற்றிவேல் ஒரே ஒரு கேள்வி கேட்டான். "இன்னும் ரெண்டு சதவீதம் குதிச்சிக்கிட்டே இருக்கே. அதுல ஒரு புள்ளியை மட்டும் பிடிச்சு, அது எங்க எங்க போவுதுன்னு காட்டும்மா."

அதற்கும் அந்த மென்பொருளில் வழி உண்டு. அவள் ஒரு மஞ்சள் புள்ளியைச் சொடுக்கினாள். அதைச் சுற்றி ஒரு வெளிச்ச வட்டம் விழுந்தது. புள்ளி ஒரு காலிக் கட்டத்துக்குப் போனது, நிற்கவில்லை. இன்னொன்றுக்குப் போனது, அங்கேயும் நிற்கவில்லை. தெருக்கோடிக்குப் போனது, திரும்பி வந்தது. மற்ற எல்லாப் புள்ளியும் அசையாமல் இருக்க, அது மட்டும் அறையில் இருந்த மூன்று பேர் முன்னாலும் குதித்துக்கொண்டே இருந்தது. தேவிப்பிரியா திரையைப் பார்க்காமல் மவுஸைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அரிகிருஷ்ணன் டீயை உறிஞ்சினார். "மிஸ்டர் வெற்றிவேல், அது அப்படியேதான் குதிச்சிக்கிட்டிருக்கும். சிஸ்டம் செட்டில் ஆயிடுச்சே. ஒண்ணு ரெண்டைப் பாத்தா மொத்தம் தெரியாது. நிறுத்தும்மா, அடுத்த ஆளு வரட்டும்."

ஒன்றிரண்டைப் பார்த்து மயங்காதே, மொத்தத்தைப் பார் என்பது வெற்றிவேல் முதல் வகுப்பில் சொன்னது. அவள் நிறுத்தினாள். புள்ளி போன இடத்திலேயே நின்றது.

மார்க் போடுகிற தாள் வந்ததும் வெற்றிவேல் பேனாவை எடுத்தான். அந்தப் பெண் எங்கே தப்பு செய்தாள்? அவன் சொல்லிக்கொடுத்ததைச் சொல்லிக்கொடுத்தபடியே செய்திருந்தாள். வகுப்பிலேயே அதிக மார்க்கை அவளுக்குப் போட்டுக் கையெழுத்திட்டான்.

ரிசல்ட் வந்த அன்று செல்வாம்பாள் வியாபாரம் முடிந்து கொட்டகைக்கு வந்தாள். இறக்கி வைத்த அன்னக்கூடையிலிருந்து, பிளாஸ்டிக் பையில் சுற்றிய ஒரு ஸ்வீட் பெட்டியை எடுத்தாள்.

"சுலோசனாம்மா குடுத்தாங்க. அந்தப் பொண்ணு காலேஜுலயே முதலாம். எல்லாம் சாராலதான்னு ஒரே புகழ்ச்சி. கேட்டுல நிக்க வெச்சே அரை மணி நேரம் பேசுனாங்க."

பாப்பா பெட்டியைப் பிடுங்கிப் பிரித்தாள். அவள் கழுத்தில் புதுக் கொப்புளங்கள். கோடை வெயில் உச்சத்தில் இருந்தது.

"இன்னும் அந்தத் தெருவுக்குப் போறியா நீ?" என்றான் வெற்றிவேல்.

"போவாம? அந்தத் தெருவே நம்ம வாடிக்கைதானடா." செல்வாம்பாள் குந்தி உட்கார்ந்து காலைத் தேய்த்துக்கொண்டாள். "மாடிக்கு ஆளு வந்துட்டாங்க. திண்டிவனம் பக்கமாம். அந்தம்மா நெத்திலி கேட்டுச்சு, நாளைக்கு எடுத்துனு போவணும்."

"எப்பிடிப்பட்டவங்க அத்தை?" என்று ரஞ்சிதம் கேட்டாள். அவள் குரலில் ஒன்றும் இல்லை.

"நல்ல மாதிரிதான். பேரமே பேசல. தண்ணி கேட்டேன், மேலேந்து எடுத்துனு வந்து குடுத்தாங்க. அந்தத் தெருவுல எல்லாருமே நல்ல மாதிரிதான், பாவம்."

"யாராவது ஒரு கெட்டவன் பேரைச் சொல்லும்மா!" என்று கத்தினான் வெற்றிவேல். அந்த வரிசையில் இருந்த கொட்டகை அத்தனையிலும் கேட்டிருக்கும். பாப்பா வாயில் வைத்த ஸ்வீட்டோடு அழ ஆரம்பித்தாள். "ஒருத்தன் பேரு! ஒருத்தன் பேரு சொல்லு, போதும்!"

செல்வாம்பாள் பயந்துபோய் மகனைப் பார்த்தாள். நிஜமாகவே யோசித்துப் பார்த்தாள். பச்சை கேட்டிலிருந்து தெருக்கோடி வரைக்கும் ஒவ்வொரு வீடாக அவள் மனசில் போய் வந்தது முகத்தில் தெரிந்தது.

"யாரைடா சொல்றது?" என்றாள்.